பம்ப் உடல் பேட்டர்னில் விரிசல்: ஒரு எப்பாக்சிப் பிசின் நிகழ்வு ஆய்வு

கோவை கணபதிப் பக்கம் இருக்கும் ஒரு பேட்டர்ன் பட்டறையில், அதாவது வார்ப்புக்காக மணலில் அச்சுப் பதிக்க உதவும் மாதிரி உருக்களைச் செய்யும் பட்டறையில், தொடங்கிய சிக்கல் இது. மோனோபிளாக் பம்பின் வார்ப்பிரும்பு உடலுக்காக எப்பாக்சிப் பிசினில் வார்த்துக் கொடுத்த பேட்டர்ன்கள், ஃபவுண்டரியில் (உலோகத்தை உருக்கி வார்க்கும் ஆலையில்) வேலைக்கு ஏறிய சில வாரங்களிலேயே விரிசல் விட்டுத் திரும்பி வந்தன. விரிசலை நிறுத்தப் பிசினை இளக்கினார்கள். விரிசல் நின்றது. ஆனால் சித்திரை வெயிலில் பேட்டர்ன் வளைந்துபோனது. பட்டறையின் மேஸ்திரி என்னிடம் கேட்டது இதுதான்: "கெட்டியாகப் போட்டால் வெடிக்கிறதுங்க, இளக்கிப் போட்டால் வளைகிறதுங்க. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற சரக்கு ஏதாவது இருக்குங்களா?"

நடுவில் அப்படி ஒரு சரக்கு இல்லை. கெட்டிக்கும் இளக்கத்துக்கும் இடையே ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டின்மேல் சரியான இடத்தைத் தேடிக்கொண்டிருக்கும்வரை இந்தச் சிக்கல் தீராது. ஒரு பிசின் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பதும், அதற்குள் ஒரு விரிசல் ஓட எவ்வளவு சக்தி தேவைப்படுகிறது என்பதும் தனித்தனிக் குணங்கள். முதலாவதைப் பெரிதாகத் தொடாமலேயே இரண்டாவதைப் பல மடங்கு உயர்த்த முடியும். பட்டறையில் அதை எப்படிச் செய்தோம், அதற்குமுன் என்னென்ன கண்டோம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

எதற்காகப் பிசின்

1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோவையில் வேரூன்றிய தொழில்களில் பம்பும் மோட்டாரும் முன்வரிசையில் இருப்பவை. பம்புக்குப் பின்னால் ஃபவுண்டரி இருக்கிறது. ஃபவுண்டரிக்குப் பின்னால், வெளியே அதிகம் பேசப்படாத பேட்டர்ன் பட்டறை இருக்கிறது.  வார்ப்பிரும்பு ஆறும்போது நீளத்தில் ஏறத்தாழ 1 சதவீதம் சுருங்கும் என்பதால் அந்த அளவுக்குப் பெரிதாக, உருவத்தில் பிசகாமல் பேட்டர்ன் இருக்க வேண்டும்.

மரப் பேட்டர்ன் ஈரமணலோடு பழகப் பழக ஊதிக்கொள்ளும். அலுமினியப் பேட்டர்ன் நன்றாக உழைக்கும். ஆனால் வடிவமைப்பு அடிக்கடி மாறுகிற சிறிய ஆர்டர்களுக்கு அதன் இயந்திர வேலைக் கூலி கட்டுப்படியாகாது. எப்பாக்சிப் பிசினில் ஒரு மூல உருவிலிருந்து அச்செடுத்து, தேவையான எண்ணிக்கையில் பேட்டர்ன்களை வார்த்துக்கொள்ளலாம். ஈரமணல் அதை ஊத வைப்பதில்லை. பரப்பும் வழவழப்பாக அமைகிறது.

இந்தப் பேட்டர்ன் இரண்டு பாதிகளாக, ஓர் அலுமினியத் தகட்டின் இருபுறமும் போல்ட்டில் பூட்டப்படுகிறது. போல்ட் பிடிப்பதற்காகப் பிசினுக்குள் மரை போட்ட எஃகுத் துண்டுகளை வைத்தே வார்த்திருந்தார்கள். பம்ப் உடலின் சுருள் அறை வெளியேறும் குழாயைச் சந்திக்கும் இடத்தில் நாக்கு என்று ஒரு மெல்லிய பகுதி உண்டு. தண்ணீரைத் தள்ளும் சுழலியான இம்பெல்லருக்கும் நாக்குக்கும் இடையிலான இடைவெளி பம்பின் திறனையும் சத்தத்தையும் தீர்மானிப்பதால், பேட்டர்னில் நாக்கின் நுனி சிதறினால் அதன்பின் வரும் வார்ப்படங்கள் எல்லாமே பழுதுதான்.

விரிசல் விட்டவை

சேதம் இரண்டு வகையாக இருந்தது. ஒன்று, எஃகுத் துண்டின் மூலையிலிருந்து கிளம்பி மேற்பரப்பை நோக்கி ஓடிய விரிசல். மற்றொன்று, நாக்கின் நுனி சில்லாக உதிர்ந்திருந்தது. ஃபவுண்டரியில் இருப்பவர்கள் பேட்டர்னைத் தட்டி எடுக்கும்போது கை கனத்துவிடுகிறது என்று பட்டறை சொன்னது. பேட்டர்னே பலவீனம் என்று ஃபவுண்டரி சொன்னது. அந்த வழக்கைத் தீர்த்து வைத்தது, வேலைக்கே போகாமல் அலமாரியில் இருந்த ஒரு பேட்டர்ன். அதிலும் எஃகுத் துண்டைச் சுற்றி மயிரிழை விரிசல் இருந்தது. மணலும் இயந்திரமும் தொடாத பொருளில் விரிசல் இருக்கிறதென்றால், அதை விரியவைத்த விசை அதற்குள்ளேயே இருந்திருக்கிறது.

உடைந்த பரப்பைச் சாய்வான வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். விரிசல் தொடங்கிய இடத்தில் பரப்பு பளபளவென்று மிக வழவழப்பாக இருந்தது. அதைத் தாண்டி மெல்லிய கோடுகள் விசிறியாகப் பரவின. கோடுகளைப் பின்னோக்கித் தொடர்ந்தால் அவை ஒவ்வொரு முறையும் எஃகுத் துண்டின் கூர்மூலையில் வந்து சேர்ந்தன. வழவழப்பான முறிவுப் பரப்புக்கு ஒரே பொருள்தான் உண்டு: விரிசல் போகும் வழியில் பிசின் ஏறக்குறைய எந்த உருமாற்றமும் அடையவில்லை. இழுபட்டு, நழுவி, கிழிந்து உடைந்த பரப்பு கரடுமுரடாக இருக்கும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சில பேட்டர்ன்களின் உட்புறத்தில் பிசுபிசுப்பான கீற்றுகள் இருந்தன. விசாரித்தால், சீக்கிரம் இறுகட்டும் என்று, பிசினை இறுகவைக்கும் ஹார்டனரைக் கொஞ்சம் கூட்டி ஊற்றுவது வழக்கமாம். இந்தப் பழக்கம் பாலியெஸ்டர்ப் பிசினில் வேலை செய்தவர்களிடமிருந்து வந்தது. அதில் சிறிதளவு சேர்க்கும் பொருள் வினையைத் தூண்டிவிடுவது மட்டுமே. கூட்டினால் வேகம் கூடும். எப்பாக்சிக்குப் போடும் அமீன் ஹார்டனர் அப்படிப்பட்டதில்லை. அது எப்பாக்சி மூலக்கூறுகளோடு தானே பிணைந்து, இறுகிய பிசினின் மூலக்கூறு வலையில் ஒரு பாகமாகிறது. அளவு கூடினால் மிச்சம் வினைபுரியாமல் உள்ளே தங்கி வலையைத் தளர்த்தும். குறைந்தால் வலையில் ஓட்டை விழும். எடை போடாமல் கண்மட்டத்தில் கலக்கும் பட்டறையில் பிசினை மாற்றிப் பயனில்லை என்பதால், முதல் வேலையாக ஒரு மின்னணுத் தராசை வாங்கி வைக்கச் சொன்னேன்.

கடினத்தை அளக்கும் ஷோர் டி மானி ஒன்று பட்டறையில் ஏற்கனவே இருந்தது. விரிசல் விட்ட பேட்டர்ன்கள் எல்லாம் அந்தச் சோதனையில் நன்றாகத் தேறியவை. ஊசி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதைத்தான் அந்த மானி சொல்லும். விரிசலைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

விசை எங்கிருந்து வந்தது

எப்பாக்சி இறுகுவது வெப்பத்தை வெளியிடும் வினை. பிசின் வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே கை தடிமனுக்கு ஒரேயடியாக ஊற்றிய வார்ப்பின் நடுப்பகுதி 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகும். அந்தச் சூட்டிலேயே அது கெட்டியாகி, பிறகு அறை வெப்பநிலைக்கு ஆறுகிறது. ஆறும்போது எப்பாக்சி ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் 60 பங்கு சுருங்கும். எஃகு 12 பங்குதான் சுருங்கும். உள்ளே சுருங்க மறுக்கும் எஃகு, வெளியே சுருங்கத் துடிக்கும் பிசின்.

கணக்கு எளிதானது. 110 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்கு ஆறினால் வித்தியாசம் 85 டிகிரி. அதைப் பிசினுக்கும் எஃகுக்கும் உள்ள வேறுபாடான 48 பங்கால் பெருக்கினால் சுமார் 0.4 சதவீதத் திரிபு, அதாவது நீள மாற்றம். நிரப்பி (பிசினில் கலக்கும் தூள்) அதிகம் சேர்க்காத எப்பாக்சியின் மீள்குணகம், அதாவது விறைப்பின் அளவு, சுமார் 3 கிகாபாஸ்கல் என்பதால் தகைவு (பரப்பளவுக்கு இவ்வளவு என்ற விசை) 12 மெகாபாஸ்கல் அளவுக்கு வரும். கூர்மூலையில் அது இரண்டு மூன்று மடங்காகக் குவியும். ஆக மூலையில் 24 முதல் 36 மெகாபாஸ்கல் வரை எதிர்பார்க்கலாம். எப்பாக்சியின் இழுவலிமை பட்டியல்களில் 60, 70 மெகாபாஸ்கல் என்று அச்சாகியிருக்கும். அதைப் பார்ப்பவர், 36 தானே, தாங்கிவிடும் என்று நினைப்பார்.

பட்டியலில் இருக்கும் வலிமை, பழுதில்லாத சோதனைத் துண்டின் வலிமை. ஜவுளிக்கடையில் துணியைக் கிழிப்பவர் ஓரத்தில் கத்தரியால் சிறு வெட்டுப் போட்டுவிட்டு இழுப்பார். வெட்டில்லாத துணியை அதே கையால் கிழிக்க முடியாது. பிசினில் அந்த வெட்டின் வேலையைக் காற்றுக்குமிழியும், மூலையில் பிசின் எஃகை விட்டு விலகிய சிறு இடைவெளியும் செய்கின்றன. கண்ணாடியை வைத்து இதைக் கணக்காக்கியவர் ஏ. ஏ. கிரிஃபித், ஆண்டு 1921. பின்னர் ஜி. ஆர். இர்வின் 1957இல் அதைப் பொறியாளர்கள் கையாளக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு பொருளில் விரிசல் ஓடத் தொடங்குவதற்கான எல்லையை முறிவுறுதி என்கிறோம். எந்தச் சேர்மானமும் இல்லாத எப்பாக்சிக்கு அது சுமார் 0.6 மெகாபாஸ்கல்-வர்க்கமூல மீட்டர். 0.2 மில்லிமீட்டர் ஆழமுள்ள ஒரு பரப்புப் பழுது இருந்தால், அந்த முறிவுறுதியோடு தாங்கக்கூடிய தகைவு 21 மெகாபாஸ்கல்தான். மூலையில் இருப்பதோ 24க்கு மேல். பேட்டர்ன் அலமாரியிலேயே வெடித்ததில் வியப்பேதும் இல்லை.

முறிவுறுதி இரட்டிப்பானால் அதே பழுதோடு 42 மெகாபாஸ்கல் வரை தாங்கும். நமக்குத் தேவையான இலக்கு அந்தக் கணக்கிலிருந்தே கிடைத்துவிட்டது.

இளக்கியபோது நடந்தது

சரக்கு விற்பவர் சொன்னபடி பட்டறை முதலில் கையாண்டது இளக்கி. நீளமான, வளையும் சங்கிலி கொண்ட திரவத்தைப் பிசினில் கலப்பது அந்த முறை. அது, மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்கிணைப்புகளுக்கு இடையே புகுந்து சங்கிலிகளை ஒன்றையொன்று விட்டு நகரவிடுகிறது. மூலையில் சேரும் தகைவு மெல்ல மெல்லத் தளர்ந்துவிடும், விரிசலும் நிற்கும். இதுவரை சரி.

ஆனால் எப்பாக்சிக்குக் கண்ணாடி நிலை மாற்ற வெப்பநிலை என்று ஒன்று உண்டு. அதற்குக் கீழே அது விறைத்த திண்மம். அதைத் தாண்டினால் மீள்குணகம் பல மடங்கு சரிந்து தோல் பதத்துக்கும், பின் ரப்பர் பதத்துக்கும் போய்விடும். அறை வெப்பநிலையில் இறுகும் பிசினில் இந்த வெப்பநிலை மிக உயரப் போவதில்லை. வலை இறுக இறுக மூலக்கூறுகள் அசைய இடமின்றி உறைந்துவிடுகின்றன. வினை பாதியில் நின்றுவிடுகிறது. 30 டிகிரி நாளில் மெல்லிய பகுதியாக ஊற்றிய பிசினின் மாற்ற வெப்பநிலை பெரும்பாலும் 50 டிகிரியை ஒட்டியே நிற்கும். இளக்கி சேர்த்தால் அதுவும் இறங்கும்.

தகரக் கூரை போட்ட ஃபவுண்டரியில் சித்திரை மாதப் பிற்பகல் எப்படி இருக்கும் என்று கொங்கு நாட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதோடு, வார்ப்படத்தை உதறிய மணல் சரியாக ஆறாமலே மீண்டும் அச்சுக்கு வந்துவிடும். 50 டிகிரிக்கு மேல் சூடான மணல் ஃபவுண்டரிகளுக்குப் பழகிய தொல்லை. மாற்ற வெப்பநிலையை நெருங்கிய பிசின், தன் எடையைத் தாங்குவதற்கே சிரமப்படும். விசை கூடாமலேயே காலப்போக்கில் உருமாறிக்கொண்டே போகும் இந்த நடத்தைக்கு ஊர்தல் என்று பெயர். அலமாரியில் இரண்டு முனையில் மட்டும் தாங்கி வைத்த பேட்டர்ன்கள் நடுவில் தொய்ந்தன. இரண்டு பாதிகளும் சேரும் பிரிப்பு முகம் சமமாக இல்லாததால் வார்ப்படத்தில் பிசிறு தடித்தது. குழாயைப் பூட்டும் விளிம்பான ஃபிளேஞ்சில் கடைசல் வேலைக்கு விட்டிருந்த கூடுதல் தடிமன் ஒரு பக்கம் போதாமல் போனது. ஃபவுண்டரி திருப்பி அனுப்பியது.

இளக்கியைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. மின்சுற்றுகளைப் பொதிந்து மூடும் வேலைக்கு அது பொருத்தமானது. அளவு மாறாமல் நிற்பதே முதல் கடமையாக உள்ள பேட்டர்னுக்கு அது தவறான மருந்து.

விரிசலின் முனையில்

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

எப்பாக்சியை நொறுங்கும் பொருள் என்கிறோம். ஒரு சிறு கட்டையாக வெட்டி அழுத்திப் பாருங்கள்: 100 மெகாபாஸ்கல் அளவில் அது வளைந்து கொடுக்கத் தொடங்கும், நடுவில் புடைத்துக் குட்டையாகும், உடையாது. பிறகு அதை மாற்ற வெப்பநிலைக்கு மேல் சூடாக்கினால் பெருமளவு பழைய உருவத்துக்கே திரும்பும். குறுக்கிணைப்பு வலை அறுபடவில்லை, நெளிந்து மட்டுமே இருந்தது என்பதற்கு அது சான்று. ஆக, நழுவி உருமாறும் திறன் எப்பாக்சிக்குள் இருக்கிறது. இழுக்கும்போது அந்தத் திறன் வெளிப்படுவதற்குள் ஏதோ ஒரு பழுதிலிருந்து விரிசல் ஓடிவிடுகிறது.

ஓடும் விரிசலின் முனையிலும் உருமாற்றம் உண்டு. 0.6 என்ற முறிவுறுதியைச் சக்தியாக மாற்றினால் ஒரு சதுர மீட்டர் விரிசலுக்கு ஏறத்தாழ 100 ஜூல் செலவாகிறது. அந்தப் பரப்பில் குறுக்கே வரும் வேதிப் பிணைப்புகளை அறுப்பதற்கு மட்டும் 1 ஜூல் அளவே போதும். மீதி முழுவதும் முனையைச் சுற்றியுள்ள பிசின் நழுவி உருமாறுவதில் செலவாகிறது. ஆனால் அந்த உருமாற்ற வட்டாரம் மிகச் சிறியது: கணக்கிட்டால் சுமார் 3 மைக்ரான்தான் வருகிறது. முறிவுறுதியைக் கூட்டுவது என்றால் இந்த 3 மைக்ரானை அகலப்படுத்துவது. வேறெதுவும் இல்லை.

அது ஏன் தானாக அகலவில்லை? தடித்த பொருளின் உள்ளே, விரிசல் முனையில் பிசின் மூன்று திசைகளிலும் ஒரே நேரத்தில் இழுபடுகிறது. நழுவுவதற்கு ஒரு திசைக்கும் மற்றொரு திசைக்கும் இழுப்பில் வேறுபாடு வேண்டும். எல்லாத் திசையிலும் ஒரேபோல் இழுத்தால் நழுவல் நிகழாது. தகைவு ஏறிக்கொண்டே போய்ப் பிணைப்புகள் அறும். பாலிஸ்டைரீன் போன்ற குறுக்கிணைப்பில்லாத பலபடிகளில் (பாலிமர்களில்) அந்த நேரத்தில் நுண்ணிய நார்கள் பாவிய பிளவுகள் தோன்றிச் சக்தியை உறிஞ்சும். இறுக்கமான எப்பாக்சி வலையில் சங்கிலிகள் அந்த அளவுக்கு நீள முடியாததால் அந்த வழியும் அடைபட்டிருக்கிறது.

இங்கேதான் ரப்பர் துகள் வருகிறது. பிசினுக்குள் மைக்ரான் அளவு ரப்பர் உருண்டைகள் தனித்தனியாகச் சிதறியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். விரிசல் நெருங்கும்போது மூன்று திசை இழுப்பில் ஒவ்வொரு உருண்டையும் உள்ளே பிளந்து ஒரு வெற்றிடமாகிறது. அந்தக் கணத்தில் அதைச் சுற்றியிருந்த மூன்று திசைக் கட்டு அவிழ்ந்துவிடும். இரண்டு வெற்றிடங்களுக்கு நடுவே நிற்கும் மெல்லிய பிசின்சுவர் இப்போது நழுவலாம். உருண்டைக்கு உருண்டை நழுவுப் பட்டைகள் ஓடுகின்றன. உருமாற்ற வட்டாரம் 3 மைக்ரானிலிருந்து பல பத்து மைக்ரான்களாக விரிகிறது. ரப்பர் தானே உறிஞ்சும் சக்தி கொஞ்சம்தான். சக்தியின் பெரும்பகுதியை உறிஞ்சுவது எப்பாக்சியே. அதற்கு ரப்பர் இடம் ஏற்படுத்திக் கொடுக்கிறது.

1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எஃப். ஜே. மெக்கேரியும் உடன் பணியாற்றியவர்களும் திரவ ரப்பர் சேர்த்த எப்பாக்சியில் முறிவுறுதி உயர்வதைக் காட்டினார்கள். மேலே சொன்ன இயக்கத்தைத் துல்லியமாக வெளிக்கொண்டு வந்தவர்களில் ஏ. எஃப். யீ, ஆர். ஏ. பியர்சன் இருவரும் முக்கியமானவர்கள்; 1986 முதல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வுகளில், மெல்லியதாகச் சீவிய துண்டை முனைவாக்கிய ஒளியில் பார்த்து நழுவுப் பட்டைகளைக் காட்டியிருக்கிறார்கள். உடைந்த இடத்தில் தெரியும் வெண்மை, ரப்பருக்குள் திறந்த வெற்றிடங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. துண்டை மாற்ற வெப்பநிலைக்கு மேல் சூடாக்கினால் அந்த வெண்மை மறைந்துவிடும்.

பட்டறையில் ரப்பர்

எண்ணத்துக்கும் பட்டறைக்கும் இடையே ஒரு தடை இருந்தது. கார்பாக்சில் முனை கொண்ட பியூட்டாடையீன்-அக்ரிலோநைட்ரில் என்ற திரவ ரப்பர் தொடக்கத்தில் பிசினில் முழுவதும் கரைந்திருக்கும். பிசின் இறுகி மூலக்கூறுகள் பெரிதாகும்போதுதான் அது ஒதுங்கி உருண்டைகளாகப் பிரியும். அதற்கு நேரம் வேண்டும். பிசின் ஓட்டம் நின்று கூழாகும் நிலை வருவதற்கு முன்பே பிரிந்தாக வேண்டும். சூட்டில் மெதுவாக இறுகும் பிசினில் இது அழகாக நடக்கும். பட்டறை பயன்படுத்திய வேகமான அமீனோடு, அறை வெப்பநிலையில் வார்த்த சோதனைத் துண்டுகளோ தெளிவாகவே நின்றன. உருண்டைகள் பிரிந்திருந்தால் துண்டு பால்வெள்ளையாக மாறியிருக்க வேண்டும். தெளிவாக இருக்கிறதென்றால் ரப்பர் கரைந்தபடியே வலைக்குள் மாட்டிக்கொண்டது. அப்படி மாட்டிய ரப்பர் இன்னொரு இளக்கிதான். அதன் மாற்ற வெப்பநிலையும் இறங்கியிருந்தது.

எனவே முன்கூட்டியே உருவாக்கிய துகள்களுக்கு மாறினோம். இவற்றில் நடுவில் ரப்பர்க் கரு, அதன்மேல் எப்பாக்சியோடு ஒட்டி உறவாடும் கெட்டியான ஓடு. அளவு பொதுவாக 100 முதல் 300 நானோமீட்டர். பிசின் எப்படி இறுகினாலும், எந்த ஹார்டனர் போட்டாலும் துகளின் அளவு மாறாது, கரையவும் கரையாது. அதனால் மாற்ற வெப்பநிலையும் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கும். தூளாக வாங்கிப் பட்டறையில் கலக்க முயன்றால் கட்டி கட்டியாகத் திரளும். எப்பாக்சியில் முன்பே சீராகச் சிதறடித்து விற்கும் செறிவை வாங்கி, துகள் பங்கு 5 முதல் 10 சதவீதத்துக்குள் வரும்படி நீர்த்துக்கொள்வதே சரியான முறை. பிசின் சற்றுத் தடிப்பாகும். குமிழி எளிதில் வெளியேறாது. வெற்றிடப் பானையில் வைத்துக் காற்றை இழுத்த பிறகே ஊற்ற வேண்டும். கொஞ்சம் விறைப்புக் குறையும், விலையும் கூடும். பேட்டர்னுக்கு இரண்டுமே தாங்கக்கூடியவை.

பரிசோதிக்கப் பெரிய ஏற்பாடு தேவைப்படவில்லை. சிறு சட்டங்களில் வெட்டுப் போட்டு, அதன் அடியில் புதிய சவரக் கத்தியை வைத்து மெல்லத் தட்டி இயற்கையான விரிசல் ஒன்றை உண்டாக்கி, மூன்று புள்ளியில் வளைத்து உடைத்தோம். கத்தித் தட்டல் மிக முக்கியம்; ரம்பம் போட்ட மழுங்கிய வெட்டோடு சோதித்தால் முறிவுறுதி இல்லாத உயரத்துக்குக் காட்டும். பழைய பிசின் சட்டங்கள் 'டிக்' என்று உடைந்து பளபளத்தன. துகள் சேர்த்தவை உடைய நேரமெடுத்தன. விரிசல் தொடங்கிய இடத்தில் ஒரு வெள்ளைப் பட்டை தெரிந்தது. மேஸ்திரி அந்தப் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "சாயம் இல்லைங்க, உள்ளேயே வெளுத்திருக்கிறதுங்க" என்றார்.

பிசினை மட்டும் மாற்றிவிட்டு வேலையை முடித்திருந்தால் பாதிக்கிணறுதான் தாண்டியிருப்போம். கூர்மூலை எஃகுத் துண்டுகளுக்குப் பதில், மூலை மழுக்கி வெளிப்புறம் சொரசொரப்பாக்கிய உருளை வடிவ அலுமினியத் துண்டுகள் வந்தன. அலுமினியத்தின் விரிவு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு என்பதால் பிசினோடு உள்ள இடைவெளி குறைகிறது. ஒரேயடியாக ஊற்றுவதை விட்டு, அலுமினியக் குறுணை கலந்து அடுக்கடுக்காக ஊற்றுகிறார்கள். உள்வெப்பம் தணிகிறது, சுருக்கமும் குறைகிறது. நாக்கின் வளைவை வரைபடத்தை மீறித் தடிப்பாக்க முடியாது. அங்கே மேற்பூச்சுக்கு அடியில் கண்ணாடி இழைத்துணி இரண்டு அடுக்கு போகிறது. எல்லாவற்றிலும் நான் பிடிவாதமாக நின்றது பின்சூட்டில். பேட்டர்ன் இறுகிய பிறகு மூல அச்சிலிருந்து எடுக்காமலே ஒரு சிறு அடுப்பில் வைத்து 40, 60, 80 டிகிரி என்று படிப்படியாக ஏற்றி, அதேபோல் மெதுவாக ஆற்ற வேண்டும். பாதியில் உறைந்து நின்ற வினை அப்போதுதான் முழுமையடைந்து, மாற்ற வெப்பநிலை ஃபவுண்டரிச் சூட்டுக்கு வெகு மேலே போகும். அச்சை விட்டு எடுத்தபின் சூடாக்கினால் பேட்டர்ன் அடுப்புக்குள்ளேயே தொய்ந்துவிடும். இதற்கு மின்சாரமும் ஒரு நாளும் கூடுதலாகச் செலவாகிறது என்று உரிமையாளருக்கு மனத்தாங்கல் இருந்தது. திரும்பி வந்த பேட்டர்ன்களை மீண்டும் வார்த்த செலவை அவரே கூட்டிப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

புதிய முறையில் வார்த்தவை அடுத்த கோடை முழுவதும் அதே ஃபவுண்டரியில் ஓடின. எஃகுத் துண்டு இருந்த இடங்களில் விரிசல் இல்லை. பிரிப்பு முகத்தைக் கிரானைட் மேடையில் வைத்துச் சோதித்தபோது தொய்வும் தென்படவில்லை. நாக்கின் நுனி மட்டும் மணல் உராய்வில் தேய்கிறது; அது தேய்மானம், விரிசலோடு சேர்க்கக் கூடாது. அதற்கு மேற்பூச்சில் கடினமான நிரப்பி வேண்டும்.

எங்கே இது உதவாது

பல்லடம், உடுமலைப் பக்கத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலை இறக்கைகளின் இரண்டு ஓடுகளை ஒட்டும் பசைகளிலும் இதே இயக்கம் வேலை செய்கிறது. அதனால் இந்தப் பட்டறை அனுபவம் பேட்டர்னோடு நிற்கும் ஒன்றல்ல. ஆனால் எல்லாப் பிசினுக்கும் ரப்பர் மருந்தாகாது. ரப்பர் இடத்தை மட்டுமே திறந்து கொடுக்கிறது. அந்த இடத்தில் நழுவ வேண்டியது பிசின். குறுக்கிணைப்பு மிக நெருக்கமான வலையால் நழுவ முடியாது. விமானக் கூட்டுப்பொருள்களில் வரும், மாற்ற வெப்பநிலை 200 டிகிரியைத் தாண்டும் எப்பாக்சிகளுக்கு ரப்பர் சேர்த்தால் கிடைக்கும் பயன் சொற்பம்; விறைப்பும் வெப்பத் தாங்கலும் வீணாகக் குறையும். அங்கே பாலிஈதர்சல்ஃபோன், பாலிஈதரிமைடு போன்ற, தாங்களே விறைப்பும் உயர்ந்த மாற்ற வெப்பநிலையும் கொண்ட வெப்பமிளகிகளைச் சேர்க்கிறார்கள். இறுகும்போது அவை தனிப் பகுதியாகப் பிரிந்து, ஓடும் விரிசலின் இரு கரைகளையும் இழுத்துப் பிடிக்கின்றன.

ஃபவுண்டரி அடுத்துக் கேட்டது சூடான கோர் பெட்டிக்கு; வார்ப்படத்துக்குள் குழிவு விடும் மணற்கருவை (கோர்) உருவாக்கும் பெட்டி அது. அந்தப் பெட்டி 200 டிகிரிக்கு மேல் வேலை செய்வது. அறை வெப்பநிலையில் இறுக்கி 80 டிகிரியில் பின்சூடு கொடுத்த எந்தப் பிசினும் அங்கே நிற்காது, முறிவுறுதி எவ்வளவு இருந்தாலும். அதை வார்ப்பிரும்பிலேயே செய்துகொள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.